வீட்டிலேயே கிறிஸ்துமஸ் குடில் கட்டுவது எப்படி: புல் முளைப்பதிலிருந்து மூவரசர் வந்து சேரும் வரை

டிசம்பர் 23ஆம் தேதி ராத்திரி கடைக்கு ஓடி, இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டுகிற, விற்காமல் மிஞ்சிக் கிடக்கும் தெர்மாகோல் குடில் ஒன்றை வாங்கிவந்து, டிவி ஸ்டாண்டில் வைத்து, மேலே ஒரு சீரியல் லைட்டைச் சுற்றிவிட்டு "குடில் வெச்சாச்சு" என்று சொல்லிவிடலாம். நானும் சில வருஷம் அப்படி ஒப்பேற்றியவன்தான். ஆனால் ஒரு தடவை கையால் கட்டிப் பார்த்துவிட்டால் அந்தத் தெர்மாகோல் பக்கம் திரும்ப மனசு வராது. பெரிய செலவு கிடையாது, கைத்திறனும் அவ்வளவாக வேண்டாம். வேண்டியது நாள்தான். குறைந்தது பத்துப் பன்னிரண்டு நாள் முன்னாடியே ஆரம்பித்துவிட வேண்டும், ஏனென்றால் புல் முளைக்க வேண்டும், புல்லை நாம் அவசரப்படுத்த முடியாது.

கட்டுகிற வேலைக்குப் போவதற்கு முன்னால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று வீட்டில் வருஷா வருஷம் நடக்கிற சண்டையில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

வருஷம் 1223. இத்தாலியில் ரியேத்தி பள்ளத்தாக்கை ஒட்டிய மலைக் கிராமம் கிரேச்சோ. பிரான்சிஸ் அசிசியார் என்ற துறவி கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஜொவான்னி என்கிற உள்ளூர்ப் பெரிய மனிதரைக் கூப்பிட்டு அனுப்பினார். பெத்லகேமில் பிறந்த குழந்தை என்ன பாடுபட்டது, வைக்கோலில் எப்படிக் கிடந்தது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்போல இருக்கிறது, அதற்கு ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை வேண்டும், ஏற்பாடு செய்து தாருங்கள் என்று கேட்டார். அன்று ராத்திரி சுற்றுப்பட்டு சனங்கள் தீவட்டியும் மெழுகுதிரியுமாக மலையேறி வந்தார்கள். அந்தத் தொட்டிக்கு மேலேயே திருப்பலி (பூசை) நடந்தது. பிரான்சிஸ் குருப்பட்டம் வாங்காதவர், திருத்தொண்டர் மட்டும்தான், அதனால் பூசை வைக்கவில்லை. நற்செய்தியைப் பாடி, பிரசங்கம் செய்தார். அவர் 1226இல் இறந்து சில வருஷத்துக்குள் செலானோ தாமஸ் என்கிற துறவி எழுதிய வரலாற்றில் இதெல்லாம் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்த முதல் குடிலில் மாதா சுரூபம் (சிலை) இல்லை, மாதாவின் கணவர் சூசையப்பர் இல்லை, காணிக்கையோடு வந்த மூவரசர் இல்லை. உயிருள்ள மாடு, உயிருள்ள கழுதை, வைக்கோல், அதைச் சுற்றி அந்த ஊர் ஆட்கள். அவ்வளவுதான். பெத்லகேமை அப்படியே நகல் எடுக்க அவர் முயற்சி செய்யவே இல்லை, தான் நின்ற ஊரின் மாட்டையும் அந்த ஊர் வைக்கோலையும் வைத்துக்கொண்டார். நீங்கள் குடில் கட்டும்போது எந்த இடத்தில் குழப்பம் வந்தாலும் இந்த ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், பதில் கிடைத்துவிடும்.

சுரூபங்கள் பிறகு வந்தவை. ரோமில் சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்துக்காக அர்னோல்ஃபோ தி காம்பியோ என்ற சிற்பி 1291 வாக்கில் செதுக்கிய பளிங்குச் சிலைகள்தான் மிகப் பழைய குடில் சிலைத் தொகுதி என்பார்கள். அப்புறம் நேப்பிள்ஸ்காரர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் செய்த குடில்களில் பாலன் (குழந்தை இயேசு) ஒரு மூலையில் இருப்பார், மீதி இடம் முழுக்க மீன்காரர், கறிக்கடை, பழக்கூடை, திராட்சை ரசம் ஊற்றுகிறவர், தூங்கி வழிகிற இடையன் என்று நேப்பிள்ஸ் தெருவே இறங்கி வந்திருக்கும். இன்றைக்கும் அந்த ஊரில் சான் கிரிகோரியோ ஆர்மேனோ என்ற சந்து முழுவதும் குடில் பொம்மைக் கடைகள்தான். பிரான்சின் தெற்கே ப்ரொவான்ஸ் பகுதியில் இன்னொரு கதை. பிரெஞ்சுப் புரட்சி காலத்தில் கோவில்களை மூடிவிட்டார்கள், கோவில் குடிலுக்குப் போக வழியில்லை, அதனால் வீட்டுக்குள்ளேயே சின்னச் சின்ன மண் பொம்மைகளை வைத்துக் குடில் கட்டும் வழக்கம் பரவியது. அந்தப் பொம்மைகளுக்கு சாந்தோன் என்று பேர், குட்டிப் புனிதர் என்று அர்த்தம். பேர்தான் புனிதர், ஆள் யாரென்று பார்த்தால் ரொட்டி சுடுகிறவர், கத்தி சாணை பிடிக்கிறவர், கோழி தூக்கிவருகிற பாட்டி. மார்சேய் நகரத்தில் 1803இலிருந்து சாந்தோன் சந்தை நடக்கிறது.

ஸ்பெயினில் கத்தலோனியா பகுதிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், குடிலின் பின்பக்கம் ஒதுக்குப்புறமாக உட்கார்ந்து வெளிக்குப் போகிற ஓர் ஆளையும் வைப்பார்கள். நிஜமாகத்தான். நிலத்துக்கு உரம், விளைச்சலுக்கு நல்லது என்று விளக்கமும் சொல்வார்கள். நம் வீட்டில் அம்மாக்கள் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் அதை விட்டுவிடலாம்.

சரி, மாடு கழுதைச் சண்டைக்கு வருவோம். "பைபிள்ல மாடே இல்லையே" என்று ஒருத்தராவது வந்து சொல்வார். சொல்கிறவர் சொல்வது சரிதான். லூக்கா நற்செய்தியில் தீவனத் தொட்டி வருகிறது (பழைய மொழிபெயர்ப்பில் முன்னணை), இடையர்கள் வருகிறார்கள், மாடும் கழுதையும் வரவில்லை. பழைய ஏற்பாட்டில் எசாயா முதல் அதிகாரத்தில் மாடு தன் எஜமானை அறியும், கழுதை தன் தலைவனின் தீவனத் தொட்டியை அறியும் என்று ஒரு வசனம் இருக்கிறது, அங்கிருந்து ஏறி வந்தவை இவை இரண்டும். வந்தது நேற்று முந்தாநாள் இல்லை. மிலான் நகரத்து அம்புரோஸ் கோவிலில் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல் சவப்பெட்டி இருக்கிறது, அதில் குழந்தை, மாடு, கழுதை மூன்றும் உண்டு, மாதாவும் சூசையப்பரும்கூட இல்லை! ஆக, இடமில்லை, யாரையாவது எடுக்க வேண்டும் என்றால் ஒட்டகத்தை எடுங்கள், மாட்டைத் தொடாதீர்கள்.

குகையா கூரையா என்பது அடுத்த சண்டை. இரண்டும் சரி. 2ஆம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்பவர் இயேசு குகையில் பிறந்தார் என்று எழுதியிருக்கிறார், பெத்லகேம் பிறப்புக் கோவிலிலும் தரைக்கு அடியில் இருக்கும் குகையில்தான் 14 முனை வெள்ளி நட்சத்திரம் பதித்து இடத்தைக் காட்டுகிறார்கள். கிழக்குத் திருச்சபை ஓவியங்களில் எப்போதும் குகை, மேற்கே போகப் போகத் தொழுவம், கூரை. என் கட்சி இரண்டையும் சேர்ப்பது: பின்னால் மலை, மலையில் ஒரு கெபி (குகை), கெபி வாசலில் நாலு கால் நட்டு ஓலைச் சாய்ப்பு. கட்டுவதற்கும் இதுதான் சுலபம், பின்சுவர் கட்டுகிற வேலை மிச்சம்.

முதலில் புல்

எல்லாரும் கடைசியில் யோசிக்கிற விஷயம் இது, ஆனால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். கேழ்வரகு, கம்பு, கோதுமை, கடுகு, வெந்தயம் எது வேண்டுமானாலும் போடலாம். என் ஓட்டு கேழ்வரகுக்கு. தழை மெல்லிசாக, நெருக்கமாக வரும், ஆறங்குலச் சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தால் நிஜமான மேய்ச்சல் நிலம் மாதிரியே இருக்கும். கோதுமை மடமடவென்று உயர்ந்து ஆடுகளை மறைத்துவிடும். கடுகும் வெந்தயமும் புல் மாதிரி இருக்காது, கீரைப் பாத்தி மாதிரி இருக்கும், அதற்கும் ஓர் இடம் உண்டு, குடிலுக்குப் பின்னால் தோட்டம் போட ஆகும்.

டிசம்பர் 13 அல்லது 14 ராத்திரி இரண்டு கைப்பிடி கேழ்வரகை ஊறப் போடுங்கள். மாவு மில்லுக்கு என்று சுத்தம் பண்ணி வைத்த பழசு முளைக்காமல் ஏமாற்றும், புதுசாக வாங்கியது நல்லது. காலையில் தண்ணீரை வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள், மறுநாள் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு, ஸ்வீட் டப்பா மூடி, எதுவாக இருந்தாலும் சரி, ஓர் அங்குலத்துக்கு மண்ணும் தென்னை நார்த் தூளும் கலந்து பரப்பி, விதைக்கு விதை ஒட்டுகிற அளவு நெருக்கமாகத் தூவி, மேலே மண்ணை மெல்லிசாகச் சலித்துவிடுங்கள். இரண்டு நாள் மூடி இருட்டில் வையுங்கள். அப்புறம் வெளிச்சத்துக்கு எடுங்கள். எடுக்கும்போது மஞ்சளாக வெளுத்துக் கிடக்கும், பயப்பட வேண்டாம், ஒரே நாளில் பச்சை பிடித்துவிடும். தண்ணீர் ஊற்றக் கூடாது, கையால் தெளிக்க வேண்டும். டிசம்பர் மழை ஈரத்தில் ஊற்றினால் இரண்டே நாளில் பஞ்சு மாதிரி பூஞ்சை படர்ந்துவிடும். முளைப்பாரி போட்டுப் பழகிய வீட்டுக்கும் கொலுவில் பூங்கா வைக்கிறவர்களுக்கும் இதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை, பக்கத்து வீட்டில் அப்படி ஒருத்தர் இருந்தால் அவரையே கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

ப்ரொவான்ஸ்காரர்களும் இதையே செய்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அங்கே டிசம்பர் 4, புனித பார்பரா திருநாளன்று, மூன்று தட்டில் கோதுமையை முளைக்கப் போடுவார்கள். கிறிஸ்துமஸுக்குள் பச்சையாக நிமிர்ந்து வளர்ந்தால் வருகிற வருஷம் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை. நம்ம முளைப்பாரியிலும் பயிர் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்து அதே பேச்சுத்தான் பேசுவார்கள்.

இன்னொரு தட்டு 22ஆம் தேதி வாக்கில் போட்டு வையுங்கள். முதல் தட்டு புதுவருஷத்துக்குள் மஞ்சளடித்துச் சாய்ந்துவிடும், அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

இடமும் அளவும்

சுரூபத்தின் உயரம் தெரியாமல் குடிலைக் கட்டாதீர்கள். நான் முதல் வருஷம் ஆசையாக ஒரு கூரை வீடு செய்து முடித்த பிறகு பார்த்தால் சூசையப்பர் தலை கூரைக்கு மேலே நின்றது, கடைசியில் அவரை வாசலுக்கு வெளியே காவல்காரர் மாதிரி நிறுத்த வேண்டியதாகிவிட்டது. நிற்கிற சுரூபம் ஆறங்குலம் என்றால் வாசல் ஒன்பது அங்குலமாவது இருக்கட்டும், கூரை முகடு பன்னிரண்டு வரை போகலாம். அந்த அளவுக்கு மூன்றடி நீளம், இரண்டடி அகலம் மேசை தாராளம். அதைவிடச் சின்ன இடம்தான் இருக்கிறது என்றால் மூன்றங்குல செட் வாங்குங்கள், பெரிய செட்டை நெருக்கி வைத்தால் பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிடும்.

தரையில் வைப்பது பார்க்க அழகுதான், ஆனால் தவழ்கிற குழந்தையோ பூனையோ இருக்கிற வீட்டில் வேண்டாம். வைக்கோலைப் பார்த்தால் பூனைக்குத் தன் படுக்கை என்று தோன்றிவிடும். ப்ளக் பாயின்ட் பக்கத்தில் இருக்கிற மூலையாகப் பாருங்கள். மூலை என்றால் இரண்டு பக்கம் சுவர் கிடைக்கும், மலைக்கு முட்டுக் கொடுக்க வசதி.

மலையும் சாய்ப்பும்

முன்னெல்லாம் சிமெண்ட் மூட்டைத் தாளைக் கசக்கித்தான் மலை செய்வார்கள், அதன் சுருக்கமே பாறை மாதிரி விழும். இப்போது மூட்டை பெரும்பாலும் பிளாஸ்டிக்காகிவிட்டது, பேப்பர் கடையில் கிடைக்கும் தடித்த காக்கித் தாள் போதும். தாளை நன்றாகக் கசக்கிப் பிரித்து, மறுபடி கசக்கி, பழைய அட்டைப்பெட்டிகளை ஏறக்குறைய படிக்கட்டு மாதிரி அடுக்கி அதன் மேல் போர்த்துங்கள். ஒட்டுவதற்கு மைதா பசை காய்ச்சினால் மலிவு, ஆனால் கரப்பான் வரும். கொஞ்சம் பெவிகால் செலவானாலும் பரவாயில்லை என்று நான் அதற்கு மாறிவிட்டேன். காய்ந்த பிறகு காப்பித்தூள் நிறம், சாம்பல், கொஞ்சம் கறுப்பு என்று வாட்டர் கலரை ஸ்பாஞ்சில் தொட்டுத் தொட்டு எடுங்கள். பிரஷ்ஷால் சீராக அடித்தால் மலை போய் சுவராகிவிடும்.

பின்னால் மலை ஏற ஏறப் பொருள்களின் அளவு குறைய வேண்டும். தூரத்து ஆடு சுண்டுவிரல் நுனி அளவு, பக்கத்து ஆடு கட்டைவிரல் அளவு. இது ஒன்றைச் செய்தாலே இரண்டடி மேசை ஒரு ஊர் அளவு ஆழம் காட்டும்.

கெபி உள்ளே ஒட்டுவதற்கு என்னைக் கேட்டால் பன்னாடைக்கு மிஞ்சியது இல்லை. தென்னை மட்டை அடியில் வலை மாதிரி சுற்றியிருக்குமே, அதுதான். முன்பக்கச் சாய்ப்புக்கு நாலு குச்சி, குறுக்கே மூங்கில் சிம்பு அல்லது ஈர்க்கு, மேலே வைக்கோல். தெற்கே இருக்கிறவர்களுக்குப் பனையோலை கிடைக்கும், அதைக் கிழித்து வேய்ந்தால் இன்னும் அழகு. வைக்கோலுக்கு டவுனில் அலைய வேண்டாம், பழக்கடையில் கேட்டால் பெட்டிகளில் மெத்தையாக வைத்து வந்ததைச் சும்மாவே கொடுப்பார்கள். வாங்கியதும் கூரையில் போட்டுவிடாதீர்கள், வெயில் தலைகாட்டுகிற நாளாகப் பார்த்து நன்றாகக் காயப் போட்டு உதறுங்கள், இல்லாவிட்டால் அதிலிருக்கும் பூச்சி எல்லாம் உங்கள் ஹாலுக்குக் குடிவந்துவிடும்.

டிசம்பரில் மழை பெய்த காம்பவுண்டு சுவரில் பாசி கம்பளமாகப் பிடித்திருக்கும். தோசைத் திருப்பியால் அடியோடு வழித்தெடுத்தால் பெரிய பெரிய துண்டாக வரும் (வேலை முடிந்ததும் திருப்பியைக் கழுவி இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள், கேள்வி வராது). பாறை இடுக்குகளில் அதைச் செருகிவிட்டால் மலைக்கு வயசு கூடிவிடும். குளம் வேண்டும் என்றால் உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி, ஓரத்தைச் சுற்றி மணல். நிஜத் தண்ணீர் வேண்டாம், கொசு முட்டையிடும்.

வெளிச்சம்

இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். விட்டு விட்டு மின்னுகிற பலவண்ண சீரியல் லைட்டைக் குடிலுக்குள் விடாதீர்கள், அதை வாசலுக்கும் மரத்துக்கும் போடுங்கள். குடிலுக்குள் ஒரே ஒரு சின்ன மஞ்சள் எல்இடி, பார்க்கிறவர் கண்ணுக்குப் படாதபடி தொட்டிக்குப் பின்னால் இருந்தால் போதும், ஹால் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் வைக்கோலே எரிகிற மாதிரி தங்க நிறத்தில் தெரியும். எரிகிற மாதிரிதான் தெரிய வேண்டும், எரியக் கூடாது. காய்ந்த வைக்கோல், தாள், பஞ்சு மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிறது, அங்கே மெழுகுதிரி ஏற்றுவது மடத்தனம். பழைய குண்டு பல்புகளும் சூடாகும், வேண்டாம். ஒயரில் ஒட்டு இருந்தால் டேப் சுற்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள், தூங்கப் போகும்போது சுவிட்சை அணையுங்கள்.

மேலே தொங்குகிற நட்சத்திரத்துக்கும் ஒரு ஊர் உண்டு. கூர்கூராக எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் தாள் நட்சத்திரம் ஜெர்மனியின் கிழக்கே நீஸ்கி என்ற ஊரில், மொராவிய சபையார் (ஒரு புராட்டஸ்டண்டுப் பிரிவினர்) நடத்திய விடுதிப் பள்ளிக்கூடத்தில், 1830களில் பையன்களுக்கு வடிவக்கணிதம் சொல்லித்தரச் செய்தது. கணக்குப் பாடத்திலிருந்து இவ்வளவு அழகாக ஒன்று வந்திருக்கிறது என்பதை நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மரமும் ஜெர்மன் பேசும் பகுதிகளிலிருந்து வந்ததுதான். ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஊசியிலை மரத்தை அறைக்குள் நட்டு, தாள் ரோஜாவும் ஆப்பிளும் தொங்கவிட்டார்கள் என்று 1605ஆம் வருஷக் குறிப்பு ஒன்று உண்டு. குடிலும் மரமும் ஒரே இடத்தில் வைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வத்திக்கானில் புனித பேதுரு சதுக்கத்திலேயே 1982இலிருந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைக்கிறார்கள். சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்டு) வீடுகளில் பெரும்பாலும் சுரூபம் வைக்கும் வழக்கம் இல்லை, அங்கே நட்சத்திரமும் மரமும்தான் பிரதானம். அவர்களும் சுரூபம் இல்லாத வெறும் தொழுவத்தைக் கட்டலாம், கிரேச்சோவில் இருந்ததும் அதுதானே.

யார் யார் வரலாம்

சுரூபம் வாங்க மதுரைப் பக்கம் இருந்தால் விளாச்சேரிக்கு ஒரு நடை போய் வாருங்கள். திருப்பரங்குன்றம் பக்கத்து ஊர். அங்கே பிள்ளையார் செய்கிற அதே கைகள்தான் கொலு பொம்மையும் செய்கின்றன, குடில் செட்டும் செய்கின்றன. நவராத்திரி முடிந்ததும் மாதாவும் சூசையப்பரும் வரிசையாகக் காய ஆரம்பித்துவிடுவார்கள். பிளாஸ்டர் சுரூபத்தைவிட மண் சுரூபத்துக்கு முகம் நன்றாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

மாதா, சூசையப்பர், பாலன், வானதூதர், இடையர், மூவரசர், மாடு, கழுதை, ஆடு. இது செட்டில் வரும். மிச்சத்தை நீங்கள் சேர்க்க வேண்டும், இங்கேதான் நேப்பிள்ஸ்காரர்களை நினைத்துக்கொள்ள வேண்டும். கொலு பொம்மைக் கடையில் காய்கறிக்காரம்மா, வளையல்காரர், செட்டியார் கடை எல்லாம் கிடைக்கும், தயங்காமல் வாங்கி வையுங்கள். தீப்பெட்டியில் இஸ்திரி வண்டி, தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் குட வரிசை, ஒரு டீக்கடை, டீக்கடையில் ஒரு பெஞ்சு. 2019இல் போப் பிரான்சிஸ் கிரேச்சோவுக்கே நேரில் போய்க் குடிலைப் பற்றி ஒரு திருத்தூது மடலில் கையெழுத்துப் போட்டார், அதில் பிச்சைக்காரர், கொல்லர், ரொட்டி சுடுகிறவர் என்று குடிலில் வேதாகமத்துக்குத் தொடர்பில்லாத ஆட்களை வைக்கிற பழக்கத்தைப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறார். ஆக, "இது என்ன டீக்கடை" என்று யாராவது மூக்கைச் சுளித்தால் சொல்வதற்குப் பதில் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் டைனோசர் மூன்று வருஷமாக ஆடுகளோடு மேய்கிறது. முதல் வருஷம் எடுத்துவிட்டேன், மறுநாள் திரும்பி வந்திருந்தது, அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

எல்லாரையும் ஒரே நாளில் கூட்டிவந்து நிறுத்திவிடாதீர்கள். முதலில் மலை, மாடு, கழுதை, தூரத்தில் இடையர்கள். தொட்டி காலியாக இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் பிள்ளைகள் தினமும் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு வந்து தொட்டியில் ஒரு வைக்கோல் போடுகிற பழக்கம் உண்டு, மெத்தை அதனாலேயே நிரம்ப வேண்டும். (எங்கள் வீட்டில் ஒரு நாள் ஒரேயடியாக ஒரு கட்டு விழுந்திருந்தது, விசாரித்ததில் "நாளைக்குச் செய்யப் போறதுக்கும் சேர்த்து" என்றார்கள்.) 24 சாயங்காலம் மாதாவும் சூசையப்பரும் வந்து சேரட்டும். பாலன் வருவது நள்ளிரவுத் திருப்பலிக்குப் பிறகுதான். கோவிலில் பாலனை முத்தி செய்துவிட்டு (முத்தமிட்டுவிட்டு) வீட்டுக்கு வந்து, தூங்கி வழிந்துகொண்டிருந்தாலும் வீட்டிலேயே சின்னப் பிள்ளை எதுவோ அதன் கையால் பாலனைத் தொட்டியில் கிடத்தச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மூவரசரை இன்னும் தாமதமாக்குங்கள். மத்தேயு நற்செய்தி எத்தனை பேர் என்று சொல்லவே இல்லை, பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று, அதனால் ஆளையும் மூன்றாக்கிவிட்டார்கள், சிரிய மரபில் பன்னிரண்டு பேர்கூட உண்டு. அவர்கள் வந்தது வீட்டுக்கு என்றுதான் எழுதியிருக்கிறது, தொழுவத்துக்கு இல்லை. அதனால் 25ஆம் தேதி அவர்களை வீட்டின் அந்தக் கோடியில், ஃபிரிட்ஜ் மேலேயோ புத்தக அலமாரியிலோ நிறுத்திவிட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். புத்தாண்டன்று டிவிக்கு மேல், நாலாம் தேதி ஜன்னல் திட்டு, ஜனவரி 6 திருக்காட்சித் திருநாளுக்குக் குடில் வாசல். இந்தியாவில் அந்தத் திருநாளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கொண்டாடுகிறோம் என்பதால் சில நாள் முன்பின் ஆகும், பயணத்தை அதற்குத் தகுந்த மாதிரி வேகப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஜனவரி 6 ஏதோ கடைசியில் ஒட்டவைத்த நாள் இல்லை. டிசம்பர் 25 என்பதே 4ஆம் நூற்றாண்டு ரோமாபுரி வழக்கம், 354ஆம் வருஷத்து நாட்காட்டித் தொகுப்பு ஒன்றில்தான் அந்தத் தேதி தெளிவாகத் தெரிய வருகிறது. கிழக்கே பல இடங்களில் ஜனவரி 6ஐத்தான் பிறப்புக்கும் சேர்த்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள், அர்மீனியர்கள் இன்றைக்கும் அன்றுதான் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள். 26ஆம் தேதியே குடிலைக் கலைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒட்டகத்தில் வந்துகொண்டிருக்கிற அந்த மூன்று பேரை நினைத்துத்தான் பாவமாக இருக்கும்.

கலைக்கும்போது

ஆண்டவரின் திருமுழுக்குத் திருநாள் வரை வைத்திருக்கலாம், பிப்ரவரி 2 வரை வைக்கிற ஊர்களும் உண்டு, நம் வீட்டுப் புல் அதுவரை தாங்காது. கலைத்ததும் வைக்கோலையும் புல்லையும் குப்பையில் போடாமல் அக்கம்பக்கத்தில் மாடு இருந்தால் கொடுத்துவிடுங்கள் (பெயின்ட், பசை பட்டதை ஒதுக்கிவிட்டு). கிரேச்சோவிலும் அந்த வைக்கோலை எடுத்து வைத்திருந்து நோய்ப்பட்ட கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள், குணமானது என்று செலானோ தாமஸ் எழுதியிருக்கிறார்.

சுரூபங்களைத் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, ஈரம் ஏறாத பெட்டியில் வையுங்கள். முதலில் உடைவது கழுதைக் காது, அடுத்தது வானதூதர் இறக்கை. எம்-சீல் வைத்து ஒட்டி மேலே வாட்டர் கலர் பூசினால் தெரியாது. ஒயரைச் சுருட்டி அட்டையில் சுற்றி வைத்தால் அடுத்த வருஷம் சிக்கெடுக்கிற ஒரு மணி நேரம் மிச்சம்.

பாலனை மட்டும் அந்தப் பெட்டியில் போடாதீர்கள். ஒரு வருஷம் 24ஆம் தேதி ராத்திரி பூசைக்குக் கிளம்புகிற நேரத்தில் பெட்டி முழுவதையும் கவிழ்த்துத் தேடினோம், ஒவ்வொரு தாளையும் பிரித்துப் பார்த்தோம், இல்லை. ஆட்டைச் சுற்றிய தாளோடு தாளாகப் பழைய பேப்பர்காரரிடம் போயிருக்க வேண்டும். அன்றைக்குக் களிமண்ணும் இல்லை, சப்பாத்தி மாவில் பிடித்து ஒரு பாலனைச் செய்து துணி சுற்றிக் கிடத்தினோம், இரண்டாம் நாளே எறும்பு வந்துவிட்டது. இப்போது புது பாலன் ஒரு மோதிர டப்பாவில், பீரோ லாக்கரில், நகையோடு இருக்கிறார்.